முதல் க்ரோஷே... போர்வை வேண்டாம், கோஸ்டர் போதும்! புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு 7 குட்டி ப்ராஜெக்ட்ஸ்

இன்ஸ்டாவில் ஒரு ரீல். முப்பதே விநாடியில் ஒரு சூரியகாந்திப் பூவைப் பின்னி முடித்து, மேஜையில் வைத்துவிட்டுச் சிரிக்கிறார்கள். 'அட, இவ்ளோதானா... நாமளும் பண்ணலாமே' என்று தோன்றுகிறது. அன்றைக்கே ஒரு ஹூக், எட்டு உருண்டை நூல் ஆர்டர் போட்டாச்சு. நேராக ஒரு டபுள் காட் போர்வையில் ஆரம்பிக்கிறீர்கள். மூன்றாவது வாரம் நாலு விரற்கடை அகலத்துக்கு ஒரு துண்டு மட்டும் பின்னிய நிலையில், மொத்தமும் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது.

"எனக்கெல்லாம் கைவேலை வராதுப்பா" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் பிரச்னை உங்கள் கையில் இல்லை, எடுத்த வேலையில்தான். க்ரோஷேவில் முதலில் எதைப் பின்னுகிறோம் என்பதுதான், இரண்டாவதாக ஒன்றைப் பின்னுவோமா என்பதைத் தீர்மானிக்கிறது. அதனால் நூல் வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்.

உலக சாதனைப் போர்வையும் சதுரங்கள்தான்!

பெரிய போர்வைக்கும் நம்ம சென்னைக்கும் ஒரு சம்பந்தம் இருக்கிறது. சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் க்ரோஷே குயின்ஸ்' என்ற குழு, 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் உலகின் மிகப்பெரிய க்ரோஷே போர்வையை விரித்து கின்னஸ் சாதனை படைத்தது. பரப்பளவு 11,148.5 சதுர மீட்டர். ஒரு கால்பந்து மைதானத்தை மூடிவிட்டு, இன்னும் பாதி மைதானத்தையும் மூடுகிற அளவு! 2017-ல் அதே குழு, 14 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ஸ்கார்ஃப் ஒன்றைப் பின்னி மீண்டும் சாதனை செய்தது.

இதில் நமக்கான பாடம் என்ன தெரியுமா? அந்தப் போர்வையை யாரும் ஒரு மூலையில் ஆரம்பித்து மறு மூலையில் முடிக்கவில்லை. பல ஊர்களிலும் வெளிநாடுகளிலும் இருந்த பெண்கள், அவரவர் வீட்டில் தனித்தனிச் சதுரங்களாகப் பின்னினார்கள். பிறகு எல்லாவற்றையும் இணைத்தார்கள். உலக சாதனையே சின்னச் சின்னத் துண்டுகளாகத்தான் நடந்திருக்கிறது. அப்படியிருக்க, முதல் வாரத்திலேயே நாம் மட்டும் ஏன் முழுப் போர்வையோடு மல்லுக்கட்ட வேண்டும்?

எடுப்பதற்கு முன் நாலு கேள்வி

ஒரு டிசைன் பிடித்துவிட்டதா? சேவ் பண்ணுங்கள். ஆனால் ஆரம்பிப்பதற்கு முன் இந்த நாலு கேள்வியைக் கேளுங்கள்.

* ஓரிரு மாலையில் முடியுமா? முடித்த பொருளைக் கையில் பிடிக்கும் சந்தோஷம் சீக்கிரம் கிடைக்க வேண்டும்.
* அளவு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் பயன்படுமா? கோஸ்டர் அரை இன்ச் பெரிதானால் யாருக்கும் தெரியாது. டாப்ஸ் அரை இன்ச் சின்னதானால் போட முடியாது.
* ஒன்றிரண்டு தையல் தெரிந்தால் போதுமா?
* முடித்ததை நீங்களே பயன்படுத்துவீர்களா? ஷோகேஸுக்குப் போகும் பொருளைவிட, தினமும் கையில் படும் பொருள்தான் அடுத்ததைப் பின்ன வைக்கும்.

நாலுக்கும் 'ஆமா' என்றால் தைரியமாக ஆரம்பிக்கலாம்.

நூல், ஹூக்... என்ன கேட்டு வாங்குவது?

தி.நகர், மயிலாப்பூர் பக்கம் டெய்லரிங் மெட்டீரியல்ஸ் விற்கும் கடைகளிலும், ஃபேன்ஸி ஸ்டோர்களிலும் கேட்டுப் பாருங்கள். ரங்கநாதன் தெருவுக்குப் போவதாக இருந்தால், வார நாளில் காலையிலேயே போய்விடுங்கள். ஞாயிறு மாலைக் கூட்டத்தில் நின்று நூலின் நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியாது.

கடையில் 'க்ரோஷா நூல்' என்று கேட்டால், பல இடங்களில் மெல்லிய லேஸ் நூலை எடுத்துத் தருவார்கள். அம்மா, பாட்டி காலத்தில் டி.வி கவர், தலையணை ஓரம் எல்லாம் அதில்தான் பின்னினார்கள். அதற்கு 1, 2 மி.மீ ஸ்டீல் ஊசி வேண்டும். அழகான வேலைதான். ஆனால் முதல் நாளே அதை எடுத்தால் கண்ணும் வலிக்கும், பொறுமையும் போகும்.

நீங்கள் கேட்க வேண்டியது, நடுத்தரத் தடிமனில் 8 ப்ளை நூல், அதோடு 4 அல்லது 4.5 மி.மீ ஹூக். ஹூக் அலுமினியத்தில், பிடிக்கும் இடத்தில் ரப்பர் வைத்ததாக இருந்தால் விரல் வலிக்காது. கூடவே பெரிய காது உள்ள மொட்டை முனை ஊசி ஒன்று. நூல் நுனியை உள்ளே செருகி மறைக்க அது கட்டாயம் வேண்டும். ஒரு ஹூக், ஒரு ஊசி, இரண்டு உருண்டை நூல்... தொடங்க இவ்வளவு போதும். 'நூறு பீஸ் கிட்' எல்லாம் அப்புறம்.

காட்டனா, உல்லனா? நம்ம ஊரில் 'உல்லன்' என்று தரும் நூல் பெரும்பாலும் அக்ரிலிக். விலை குறைவு, நிறங்கள் அதிகம், கொஞ்சம் இழுபடும் என்பதால் கைக்கும் சுலபம். தோரணம், பூ, பொம்மைக்கு அது ஓகே. ஆனால் உடம்பில் படுவது, தண்ணீர் படுவது, சூடு படுவது என்றால் காட்டன்தான். சென்னை மே மாத வியர்வையில் அக்ரிலிக் டாப்ஸ் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். முக்கியமாக, அக்ரிலிக் சூட்டில் உருகும். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்துக்கு அடியில் அதை வைக்கக் கூடாது, நேரடியாக அயர்ன் செய்யவும் கூடாது.

நிறம்? இளம் மஞ்சள், பிஸ்தா பச்சை, வெளிர் நீலம் மாதிரி வெளிச்சமான, வழவழப்பான நூலாக எடுங்கள். கறுப்பு, கருநீலத்தில் தையல் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பஞ்சு மாதிரி புசுபுசுவென்று இருக்கும் வெல்வெட் நூலிலும் இதே கஷ்டம். தப்பாகப் போட்டதைப் பிரிக்கவும் முடியாது.

தையல் நாலு தெரிந்தால் போதும்

ஒயர் கூடை பின்னுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரே முடிச்சுதான், அது திரும்பத் திரும்ப வந்து கூடையாகிறது. க்ரோஷேவும் அதே மாதிரிதான். செயின், ஸ்லிப், சிங்கிள், டபுள்... இந்த நாலை வைத்தே கீழே இருக்கும் அத்தனையையும் பின்னிவிடலாம். ஸ்லிப் ஸ்டிட்ச் என்பது இணைப்பதற்கு. சிங்கிள் குட்டையாக, இறுக்கமாக இருக்கும். டபுள் உயரமாக, சீக்கிரம் வளரும்.

வீடியோ பார்க்கும்போது ஒரு விஷயத்தை முதலிலேயே கவனியுங்கள். அமெரிக்க முறையில் 'சிங்கிள்' என்பதுதான் பிரிட்டிஷ் முறையில் 'டபுள்'. அமெரிக்க 'டபுள்', பிரிட்டனில் 'ட்ரெபிள்'. இது தெரியாமல் பழைய பிரிட்டிஷ் புத்தகத்தையும் யூடியூபையும் கலந்து பின்னினால், தையல் சரியாக இருந்தும் பொருள் தப்பாக வரும். இந்தக் கட்டுரையில் அமெரிக்கப் பெயர்களையே பயன்படுத்தியிருக்கிறோம்.

இடது கைக்காரரா? வீடியோவைக் கண்ணாடி மாதிரி திருப்பிக் காட்டும் 'மிரர்' வசதியில் பாருங்கள். வலது கைக்கு மாற வேண்டிய அவசியமே இல்லை.

இப்போ ப்ராஜெக்ட்ஸ்!

1. புக்மார்க்

40 செயின் போடுங்கள். ஹூக்கை ஒட்டிய முதல் செயினை விட்டுவிட்டு, மற்ற ஒவ்வொன்றிலும் ஒரு சிங்கிள். மொத்தம் 39 வரும். வரிசை முடிந்ததும் ஒரு செயின் போட்டுத் திருப்பி, மறுபடியும் 39. நாலு வரிசை போதும். ஒரு நுனியில் நூலைக் குஞ்சமாகத் தொங்கவிடுங்கள். இதை 'பயிற்சித் துண்டு' என்று சொன்னால் போர் அடிக்கும். புத்தகத்துக்குள் வைத்தால் அதுவே முதல் வெற்றி.

2. முகம் துடைக்கும் குட்டித் துணி

காட்டன் நூல் மட்டும். 26 செயின், அதில் 25 சிங்கிள். சதுரமாகும்வரை அதையே தொடருங்கள். முழுக்க முழுக்க எண்ணிக்கைப் பயிற்சி இது. ஓரம் கொஞ்சம் கோணலாக வந்தால்கூட முகம் கோபித்துக்கொள்ளாது. இரண்டாவது துணி பின்னி, முதலாவதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் கை எவ்வளவு தேறியிருக்கிறது என்பது பளிச்சென்று தெரியும்.

3. ஸ்க்ரஞ்சி

சாதாரணத் தலைமுடி ரப்பர் பேண்ட் ஒன்றை எடுத்து, அதைச் சுற்றியே சுமார் 40 சிங்கிள் போடுங்கள். அடுத்த சுற்றில், ஒவ்வொரு தையலிலும் மூன்று டபுள். அவ்வளவுதான், 120 டபுளும் இடம் போதாமல் தானாகவே அலை அலையாகச் சுருளும். இதில் தையல் ஒன்றிரண்டு கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடிக்கவே முடியாது. ஒரே நாளில் முடியும், அடுத்த நாள் காலேஜுக்குப் போட்டுக்கொண்டும் போகலாம். ஃப்ரெண்ட்ஸ் "எங்க வாங்கின?" என்று கேட்பார்கள், அதுக்கு ரெடியா இருங்க.

4. காபி கோஸ்டர்

வட்டம் பின்னக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. கணக்கு ரொம்ப சிம்பிள். முதல் சுற்றில் 6 சிங்கிள். அடுத்து ஒவ்வொன்றிலும் இரண்டு, அதாவது 12. அதற்கடுத்து ஒன்றுவிட்டு ஒன்றில் இரண்டு, 18. பிறகு 24, 30, 36... சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டிக்கொண்டே போங்கள். 8, 9 சுற்றில் டபரா வைக்கிற அளவு வந்துவிடும்.

பின்னும்போதே வட்டம் உங்களிடம் பேசும். ஓரம் கிண்ணம் மாதிரி மேலே எழும்பினால், கூட்ட வேண்டிய இடத்தில் கூட்டவில்லை. அப்பளம் மாதிரி நெளிந்தால், அதிகமாகக் கூட்டிவிட்டீர்கள். இந்த ஒரு கணக்கு பிடிபட்டால் பை, தொப்பி, பொம்மை எல்லாவற்றுக்கும் அடித்தளம் ரெடி. கோஸ்டருக்குக் காட்டன் நூல்தான் என்பதை மறந்துடாதீங்க.

5. வாடாத மல்லிகைச் சரம்

மயிலாப்பூர் மாட வீதியில் முழம் போட்டுத் தரும் மல்லிக்கு இது ஈடாகாது, வாசமும் கிடையாது. ஆனால் ஆபீஸ் எத்னிக் டேவுக்கும், ஊரில் பூ கிடைக்காத வெளிநாட்டுத் தோழிக்கு அனுப்பவும் சூப்பர். மெல்லிசான வெள்ளை நூல், 2.5 அல்லது 3 மி.மீ ஹூக். 5 செயின் போடுங்கள். பிறகு 3 செயின் போட்டு, அந்த ஐந்தாவது செயினிலேயே ஸ்லிப் ஸ்டிட்ச் போட்டு இணையுங்கள். இது ஒரு இதழ். அதே இடத்தில் இன்னும் இரண்டு இதழ். மறுபடி 5 செயின், மறுபடி மூன்று இதழ். ஒரு முழம் வந்ததும் சரத்தை இரண்டு மூன்றாக மடித்துக் கட்டினால், பூ நெருக்கமாகத் தெரியும். செயினும் ஸ்லிப்பும் மட்டும்தான், பறக்கும் ரயிலில் திருமயிலையில் ஏறி வேளச்சேரியில் இறங்குவதற்குள் பல பூக்கள் போட்டுவிடலாம்.

6. கொலு தோரணம்

'கிரானி ஸ்கொயர்' என்று பெயர். உலகம் முழுக்கத் தெரிந்த சதுரம். 4 செயினை வட்டமாக இணைத்து, அந்த வட்டத்துக்குள் மூன்று மூன்று டபுளாக நாலு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நடுவில் 2 செயின். அந்த 2 செயின் இடைவெளிதான் மூலை. அடுத்த சுற்றில், ஒவ்வொரு மூலையிலும் இரண்டு கூட்டம், நடுவில் 2 செயின். சதுரம் தானாக விரியும்.

ஒரு மாலைக்கு ஒன்று என்று ஒன்பது சதுரம் பின்னுங்கள். நீளமான செயினில் மூலையைப் பிடித்துத் தொங்கவிட்டால், வைர வடிவத் தோரணம் ரெடி. மீந்துபோன நூலெல்லாம் இதில் செலவாகிவிடும். ஒரே ஒரு எச்சரிக்கை: உல்லன் தோரணத்தை குத்துவிளக்கு, அகல் பக்கத்தில் கட்டாதீர்கள். அக்ரிலிக் சட்டென்று உருகித் தீப்பிடிக்கும். வாசல் நிலையிலோ, விளக்கு எட்டாத உயரத்திலோ கட்டுங்கள்.

7. காய்கறி நெட் பை

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கேரி பேக் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. அந்த மஞ்சப்பைக்கு ஒரு தங்கச்சி இந்த நெட் பை. அடியில் கோஸ்டர் மாதிரியே ஒரு வட்டம். பிறகு 5 செயின், ஒரு சிங்கிள் என்று வலையாக ஏறிக்கொண்டே போக வேண்டியதுதான். மேலே இரண்டு மூன்று சுற்று சிங்கிள், கைப்பிடிக்கும் சிங்கிள். 100 முதல் 150 கிராம் காட்டன் நூல் போதும்.

இரண்டு விஷயம் கவனம். வலை, எடை ஏற ஏற நீளும். அதனால் நீங்கள் நினைக்கும் நீளத்தைவிடக் குறைவாகவே பின்னுங்கள். தக்காளி, வெங்காயம், கேரட் ஓகே. பச்சை மிளகாயும் சின்ன வெங்காயமும் ஓட்டை வழியாக வீடு வரைக்கும் கோலம் போடும்!

இதெல்லாம் இப்போதைக்கு வேண்டாம்

* போர்வை: ஒரே வேலை மாதக்கணக்கில் இழுக்கும். ஆசையாக இருந்தால், கிரானி சதுரங்களைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஒருநாள் போர்வை ஆகும்.
* க்ராப் டாப், ஸ்வெட்டர்: உங்கள் கை எவ்வளவு இறுக்கமாகப் பின்னுகிறது என்பதைப் பொறுத்து அளவே மாறும். முன்கூட்டி ஒரு மாதிரித் துண்டு பின்னி அளந்து பார்க்கும் பழக்கம் வந்த பிறகு எடுக்கலாம்.
* அமிகுருமி பொம்மை: ஜப்பானில் இருந்து வந்த குட்டி பொம்மைகள். பார்க்க க்யூட், ஆனால் தையல் இறுக்கமாக, எண்ணிக்கை துல்லியமாக இருக்க வேண்டும். கோஸ்டர் கணக்கு கைக்கு வந்த பிறகு மூன்றாவது, நாலாவது ப்ராஜெக்ட்டாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு என்றால் பிளாஸ்டிக் கண், மணி எதுவும் வேண்டாம். பிடுங்கி வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும். கண்ணை நூலிலேயே தைத்துவிடுங்கள்.

"சதுரமா ஆரம்பிச்சேன், முக்கோணமா வருதே?"

தொடங்குகிற எல்லோருக்கும் இது வரும். வரிசையின் கடைசித் தையல் கண்ணுக்குத் தெரியாமல் விட்டுப்போகிறது, அதனால்தான் அகலம் குறைகிறது. ஒவ்வொரு வரிசை முடிவிலும் எண்ணுங்கள். முதல் தையலிலும் கடைசித் தையலிலும் வேறு நிற நூலையோ ஒரு ஊக்கையோ மாட்டிவைத்தால் தப்பாது.

ஹூக் உள்ளேயே நுழையவில்லையா? நூலை இறுக்கிப் பிடிக்கிறீர்கள். அரை மி.மீ பெரிய ஹூக்குக்கு மாறுங்கள். தப்பு தெரிந்தால் பிரித்துவிடுங்கள், வெட்டக்கூடாது. க்ரோஷேவில் ஒரு தையலை முடித்ததும் ஹூக்கில் இருப்பது ஒரே ஒரு கண்ணிதான். இழுத்தால் நூல் முழுசாகத் திரும்பக் கிடைக்கும். இவ்வளவு சுலபமாக மன்னிக்கிற கைவேலை குறைவு.

அரை மணிக்கு ஒருமுறை ஹூக்கைக் கீழே வைத்து மணிக்கட்டைச் சுழற்றுங்கள். நாள் முழுக்க போன், ராத்திரி முழுக்க ஹூக் என்றால் பெருவிரல் தாங்காது.

விற்கலாமா?

நாலு பொருள் பின்னியதும், வீட்டில் யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள்: "இதை வித்தா காசு வருமே!" வரலாம். ஆனால் ஒரு கணக்கு தெரிந்துகொள்ளுங்கள்.

நிட்டிங்கை மெஷின் செய்யும். க்ரோஷேவை அப்படியே பின்னித் தள்ளும் மெஷின் வணிக அளவில் இன்றுவரை இல்லை. ஆக, எங்கேயாவது ஒரு உண்மையான க்ரோஷே டாப்ஸ் அடிமாட்டு விலைக்குத் தொங்கினால், அதை யாரோ ஒருவர் கையால்தான் பின்னியிருக்கிறார். அவருக்கு எவ்வளவு போயிருக்கும் என்று யோசியுங்கள். ஆந்திராவின் நரசாபூர் பகுதியில் பெண்கள் பல தலைமுறையாக க்ரோஷே லேஸ் பின்னுகிறார்கள். அவர்களைப் பற்றி ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982-ல் ஒரு புத்தகமே எழுதினார். வீட்டில் உட்கார்ந்து பின்னுவதால் அது 'வேலை'யாகவே எண்ணப்படவில்லை, 'ஓய்வு நேரப் பொழுதுபோக்கு' என்ற பெயரில் மிகக் குறைந்த கூலியே கொடுக்கப்பட்டது என்பதுதான் அந்தப் புத்தகம் காட்டிய உண்மை. அந்த லேஸ், உலகச் சந்தைக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தது.

அதனால் "நூல் காசு மட்டும் கொடு போதும்" என்று சொல்லிப் பழகாதீர்கள். நீங்கள் குறைத்துச் சொல்லும் விலை, இதையே நம்பிப் பிழைக்கும் இன்னொருவரின் விலையையும் குறைக்கும். எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்துவையுங்கள். நூல் செலவு, அந்த நேரத்துக்கான கூலி, இரண்டையும் கூட்டுங்கள். அந்த விலைக்கு யாரும் வாங்கவில்லையா? பரவாயில்லை. பிடித்தவர்களுக்குப் பரிசாகக் கொடுங்கள். அதுவும் கௌரவம்தான்.

இந்த வாரத்துக்கு...

சனிக்கிழமை நூலும் ஹூக்கும். அன்று மாலை செயின் மட்டும், கை பழகும்வரை போட்டுப் பிரித்து, போட்டுப் பிரித்து. ஞாயிற்றுக்கிழமை நாகேஸ்வர ராவ் பார்க்கிலோ எலியட்ஸ் பீச்சிலோ உட்கார்ந்து புக்மார்க். வார நாட்களில் தினம் அரை மணி நேரம், முகம் துடைக்கும் துணி. அடுத்த சனிக்கிழமை ஸ்க்ரஞ்சி.

பக்கத்து வீட்டிலோ சொந்தத்திலோ பின்னத் தெரிந்த ஒரு பாட்டியோ அத்தையோ இருந்தால், வீடியோவை நிறுத்திவிட்டு ஹூக்கோடு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். நீங்கள் பத்து தடவை ரீவைண்ட் பண்ணியும் புரியாத இடத்தை, அவர் உங்கள் விரலைப் பிடித்து ஒரே நிமிடத்தில் திருத்திவிடுவார்.